25 பீரியட், ஒரு நாவல்: பதினொன்றாம் வகுப்புக்கு எதை எடுப்பது?

வருகிற செப்டம்பரில் எங்கள் பள்ளியில் 11ஆம் வகுப்பின் அமெரிக்க இலக்கியப் பாடத்துக்கு, வகுப்பு முழுக்க ஒன்றாக உட்கார்ந்து படிக்கிற நாவலாக ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கிற அரசுப் பள்ளி. ஒரு பீரியட் 42 நிமிடம், வாரத்துக்கு ஐந்து பீரியட், நாவலுக்கென்று ஒதுக்கியிருப்பது ஐந்து வாரம். ஆக 25 பீரியட். பட்டியலில் நான்கு பெயர் இருக்கிறது: மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்', ஹார்ப்பர் லீயின் 'டு கில் அ மாக்கிங்பேர்ட்', ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி', ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'. நான்கையுமே ஏதாவது ஒரு வருடத்தில் நான் நடத்தியிருக்கிறேன்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். "அக்கா, இவளுக்கு ஒரு புக்கு குடுத்திருக்காங்க, அதுல அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருதாம், இதைப் போய் ஏன் பாடமா வைக்கிறாங்க?" கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல் ஒன்றைத்தான் அப்படிச் சொல்கிறார். நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. வேறு மாநிலங்களில் ஆங்கிலம் நடத்துகிற தமிழ் நண்பர்கள் சிலரும் இதே தேர்வை எதிர்நோக்கி இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. எது பெரிய நாவல் என்ற பேச்சை எடுக்கும் முன்னால் நான் இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். நிதானமாக உரக்கப் படித்தால் நிமிடத்துக்கு 150 சொல் போகும். கேட்ஸ்பி ஏறத்தாழ 48,000 சொல், 320 நிமிடம், அதாவது எட்டு பீரியட். மாக்கிங்பேர்ட் கிட்டத்தட்ட ஒரு லட்சம், 16 பீரியட். ஹக் ஃபின் 1,10,000 சொல் இருக்கும், 18 பீரியட். ஸ்டைன்பெக் 30,000, ஐந்தே பீரியட். வீட்டில் படித்துவிட்டு வருவார்கள் என்று நம்பிப் பாடத்தைத் திட்டமிடுவதை நான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. என் வகுப்பில் சாயங்காலம் கடையில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், இரவு பதினொரு மணி வரைக்கும் வேறு பாடங்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்பறைக்குள் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிற பக்கம்தான் உண்மையில் படிக்கப்பட்ட பக்கம்.

ஸ்டைன்பெக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1937ல் வந்த சின்னப் புத்தகம், ஆறே அத்தியாயம், கலிஃபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் கூலிக்கு அலையும் இரண்டு பேர் கதை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை முதன்முதலாக ஒரு நாவலின் கடைசிப் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. நான்காம் அத்தியாயத்தில் க்ரூக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி தன் தனி அறையில் உட்கார்ந்து பேசுகிற இடம் ஒன்று போதும், ஒரு வாரத்துக்கு. ஆனால் இது 9ஆம் வகுப்புக்கான நாவல். 11ல் எடுத்தால் "முடிவில் ஜார்ஜ் தன் நண்பன் லென்னியைச் சுட்டது சரியா தப்பா" என்ற ஒரே கேள்வியில் வகுப்பு போய் முட்டி நின்றுவிடுகிறது, அதைத் தாண்டி மூன்று வாரத்தை நகர்த்த முடிவதில்லை.

மாக்கிங்பேர்ட்டை நான் எட்டு வருடம் நடத்தினேன், நேசித்து நடத்தினேன். 1960ல் வெளிவந்து மறு வருடமே புலிட்சர் பரிசு வாங்கிய நாவல், 2018ல் பிபிஎஸ் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் அமெரிக்க வாசகர்கள் முதலிடம் கொடுத்ததும் இதற்குத்தான். சிறை வாசல் காட்சியை உரக்கப் படித்துப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்காக அடைக்கப்பட்டிருக்கும் கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனை அடித்துக் கொல்ல வந்த கும்பலுக்கு நடுவில், கதை சொல்லும் சின்னப் பெண் ஸ்கௌட் புகுந்து, அதில் தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்து "உங்கள் பையன் என் வகுப்பில்தான் படிக்கிறான்" என்று பேச்சுக் கொடுக்கிறாள். அந்த ஆள் குனிந்து அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொள்கிற இடத்தில் இருபத்தேழு பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது.

அப்படியிருந்தும் ஏன் நிறுத்தினேன்? ஒரு பிற்பகல் நடந்ததைச் சொல்கிறேன். கதையின் முடிவை நெருங்கியிருந்தோம். வகுப்பில் இருந்த இரண்டு கறுப்பின மாணவர்களில் ஒருவன், அதிகம் பேசாதவன், கை தூக்கி, "மிஸ், டாம் ராபின்சனைப் பற்றி நமக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டான். சரி, பட்டியல் போடலாம் என்று பலகையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் பூ ராட்லி, அதாவது அதே தெருவில் தன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் வெள்ளைக்காரர். மரப்பொந்தில் சூயிங் கம் வைப்பார், சோப்பில் பொம்மை செதுக்குவார், பழைய காசு, ஓடாத கடிகாரம், கிழிந்த கால்சட்டையைத் தைத்து வேலியில் மடித்துப் போட்டது, தீப்பிடித்த இரவில் ஸ்கௌட்டுக்குப் போர்வை போர்த்தியது. இன்னொரு பக்கம் டாம். வயது 25, மனைவி, மூன்று குழந்தைகள், பஞ்சு ஆலை எந்திரத்தில் சிக்கி முடமான இடது கை, லிங்க் டீஸ் என்பவரிடம் வேலை, பிறகு தன் மேல் பொய்க் குற்றம் சாட்டிய வெள்ளைக்காரப் பெண் மயெல்லாவைப் பார்த்துப் பாவப்பட்டது, தப்பி ஓடும்போது உடம்பில் பாய்ந்த 17 குண்டு. அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவருக்கு என்ன பிடிக்கும் என்றுகூட நமக்குத் தெரியாதே" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. நாவல் மோசம் என்று சொல்ல வரவில்லை. கொல்லப்படுகிறவர் ஒரு கறுப்பின மனிதர், ஆனால் வளர்கிறவர்கள், கற்றுக்கொள்கிறவர்கள், மனம் உடைகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரக் குழந்தைகள். அநியாயத்தை நல்ல மனதோடு பக்கத்தில் நின்று பார்ப்பது எப்படி என்று இது பிரமாதமாகச் சொல்லித்தருகிறது, அநியாயம் நடந்த வீட்டுக்குள் நம்மை உட்கார வைப்பதில்லை. பதினாறு பீரியட் உரக்கப் படித்தும் டாம் சாட்சிக் கூண்டில் பேசுகிற சில பக்கத்தைத் தவிர வேறு எங்கும் அவர் குரலை அதிகம் கேட்க முடியாது.

இதன் தடை விவகாரங்களையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2017ல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸியில், வாசகர்களைச் சங்கடப்படுத்தும் மொழி இருக்கிறது என்று 8ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து இதை எடுத்தார்கள். 2022ல் வாஷிங்டன் மாநிலத்தின் முகில்டியோவில், ஆசிரியர்களே கேட்டுக்கொண்டதன்பேரில், 9ஆம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், நடத்த விரும்புகிறவர்கள் நடத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். முதலாவது எனக்கு உடன்பாடே இல்லை, சங்கடப்படுத்தத்தான் புத்தகம். இரண்டாவதை நான் முழுக்கப் புரிந்துகொள்கிறேன். தமிழ்ப் பெற்றோர் செய்திகளைப் பகிரும்போது இரண்டையும் "புத்தகத்தைத் தடை பண்ணிட்டாங்க" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்.

இனி ஹக் ஃபின். மனதைத் திறந்து சொன்னால், இந்த நான்கில் ஆகப் பெரிய நாவல் இதுதான் என்பேன். 1884 டிசம்பரில் லண்டனிலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் வந்தது. வந்த அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கான்கார்ட் நூலகம் இதை வெளியே தள்ளியது. அன்றைக்குக் காரணம் ஹக் நாகரிகம் இல்லாத பையன், கொச்சையாகப் பேசுகிறான் என்பது. இன்றைக்குக் காரணம் வேறு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல் நாவலில் 200 தடவைக்கு மேல் வருகிறது. 2019ல் எங்கள் மாநிலச் சட்டமன்றத்திலேயே, பள்ளிகள் இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சொல்லை என்ன செய்வது? 2011ல் அலபாமாவில் ஒரு பதிப்பகம், அது வருகிற இடத்திலெல்லாம் 'அடிமை' என்று மாற்றிப் புத்தகம் போட்டது. நான் அதை வாங்க மாட்டேன். 32ஆம் அத்தியாயத்தில் படகில் எந்திரம் வெடித்ததாக ஹக் ஒரு பொய் சொல்கிறான். சாலி அத்தை "யாருக்காவது அடிபட்டதா?" என்று பதறுகிறார். இல்லையம்மா, என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைப் போட்டு அப்படி ஒருவன் செத்தான் என்கிறான் ஹக். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடுகிறது என்று நிம்மதியாகிறார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை, அன்பாகச் சோறு போடுகிறவர். நம் ஊரில் சாதிப் பெயரையே வசவாகச் சொல்லிப் பழகிய ஒரு பெரியம்மாவை நினைத்துப் பாருங்கள், தன்னைத் தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேதான் அவர் அதைச் சொல்வார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டால், சட்டத்தில் ஒருவன் என்ன நிலையில் இருந்தான் என்ற தகவல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சாவு சாவாகவே கணக்கில் வராமல் போனது மறைந்துவிடுகிறது. என் வகுப்பில் விதி ஒன்றுதான்: அச்சில் இருப்பது இருக்கட்டும், ஆனால் யாரும், நான் உட்பட, வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அந்த இடத்தில் ஒரு நொடி நின்று தாண்டிப் போவோம்.

31ஆம் அத்தியாயத்துக்காக எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஜிம் தப்பி வந்த அடிமை, அவனைக் காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுதிவிடுகிறான் ஹக். எழுதியதும் மனம் லேசாகிறது, பாவம் கழுவப்பட்டதுபோல. அப்புறம் ஆற்றில் இருவரும் வந்த இரவுகள் ஞாபகம் வருகின்றன. ஹக் தூங்கட்டும் என்று ஜிம் தன் காவல் முறையோடு அவனுடையதையும் சேர்த்துப் பார்த்தது. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுங்குகிறான். சரி, அப்படியானால் நான் நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப் போடுகிறான். முதல் தடவை நடத்தியபோது பிள்ளைகள் இந்த இடத்தில் சிரித்தார்கள், நரகம் என்றது அவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டது. தப்பு என்னுடையது. ஹக்குக்கு நரகம் நிஜம், நெருப்பு நிஜம், அவனுக்குச் சொல்லித்தந்த தேவாலயமும் பள்ளியும் சட்டமும் ஜிம்மைக் காப்பாற்றுவதுதான் திருட்டு என்று சொல்லியிருக்கின்றன, தான் நல்லது செய்கிறோம் என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, இதை முன்கூட்டியே மூன்று பீரியட் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அடுத்த வருடம் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மூன்று பீரியட்தான் பிரச்சினை. வாசிக்கவே 18 போய்விட்டால் மிச்சம் ஏழு. அடிமைமுறைச் சட்டங்கள், கதை தொடங்கும் மிசௌரி மாநிலத்தின் நிலை, ட்வெய்ன் எழுத்தில் கொண்டுவந்த பல வட்டாரப் பேச்சுகள், இத்தனையையும் ஏழுக்குள் அடைக்க முடியாது. அப்புறம் அந்த முடிவு. ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்ந்ததும், அடைத்துவைக்கப்பட்ட ஜிம்மை மீட்பதை ஒரு விளையாட்டாக்கி, எலியும் பாம்புமாகப் பத்து அத்தியாயத்துக்கு இழுத்தடிக்கிறான். கடைசியில் பார்த்தால் ஜிம்முக்கு அவன் எஜமானி தன் உயிலிலேயே விடுதலை கொடுத்துவிட்டார், டாமுக்கு அது முதலிலேயே தெரியும். பிள்ளைகளுக்கு வருகிற கோபம் நியாயமான கோபம். ஜிம் திருடப்படும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று ஹெமிங்வேயே 1935ல் எழுதினார். நான் நிறுத்த மாட்டேன், ஏனென்றால் விடுதலையான ஒருவரை இன்னும் கட்டிவைத்து விளையாடுவது 1885ன் அமெரிக்காவைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஆனால் அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அவசரமாக நடத்தினால் நடப்பது இதுதான்: வகுப்பில் இருக்கும் இரண்டு மூன்று கறுப்பினப் பிள்ளைகள் 200 தடவை அந்தச் சொல்லைக் கடந்து வருகிறார்கள், பதிலுக்கு அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமலே மணி அடித்துவிடுகிறது. எட்டு வாரம் கையில் இருந்து, பக்கத்து வகுப்பில் வரலாற்று ஆசிரியர் அதே காலத்தை நடத்திக்கொண்டிருந்தால், ஹக் ஃபின்னை எடுங்கள், கூடவே ஜிம்மின் வாயால் அதே கதையைச் சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' நாவலிலிருந்து சில அத்தியாயங்களையும் வையுங்கள். 2024ல் தேசியப் புத்தக விருதும் 2025ல் புலிட்சரும் வாங்கியது அது. ஐந்து வாரத்தில் வேண்டாம். 31ஆம் அத்தியாயத்தை மட்டும் கத்தரித்து நடத்தலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். முப்பது அத்தியாயம் அந்தப் படகில் கூட வராத ஒருவருக்கு அந்தக் கடிதம் வெறும் காகிதம்தான்.

ஆக, என் ஓட்டு கேட்ஸ்பிக்கு. அது எளிதாக வந்த முடிவு இல்லை, ஏனென்றால் முதல் வாரம் பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. பணக்காரர்கள் லாங் ஐலண்டில் விருந்து வைக்கிறார்கள், குடிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், நமக்கென்ன என்று கேட்பார்கள். 1925 ஏப்ரலில் வந்தபோதும் பெரிதாக விற்கவில்லை, 1940ல் ஃபிட்ஸ்ஜெரால்ட் இறக்கும்போது கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்தது, இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களுக்கு இலவசமாக ஒன்றரை லட்சம் பிரதி அனுப்பியபிறகுதான் மறுபடி கவனம் விழுந்தது. இன்னொரு தொல்லை 2013ல் வந்த படம், அதைப் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்ததாக எழுதுகிறவர்கள் உண்டு. கதை சொல்லும் நிக் மனநல விடுதியில் இருந்தபடி இதை எழுதுகிறான் என்று கட்டுரையில் வந்தால் அது படம், புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை.

ஆனால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. டாம் ப்யூகானன் என்ற பெரும் பணக்காரன், வெள்ளை இனம் மூழ்கப்போகிறது, விஞ்ஞானபூர்வமாக நிரூபித்திருக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தைக் காட்டிப் பொரிந்து தள்ளுகிறான். அந்தப் புத்தகம் முழுக் கற்பனை இல்லை. 1920ல் லோத்ராப் ஸ்டாடார்ட் என்பவர் எழுதி நன்றாக விற்ற புத்தகத்தைத்தான் ஃபிட்ஸ்ஜெரால்ட் பெயரை மாற்றிக் காட்டுகிறார். கதை நடப்பது 1922 கோடையில். 1923 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதல் உலகப்போரில் இதே நாட்டின் ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியைப் பார்த்து, இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பறித்தார்கள். 1924ல் ஆசியாவிலிருந்து குடியேறுவதையே கிட்டத்தட்ட அடைத்துவிட்டார்கள். இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு மறுபடி திறந்தது 1946ல். இந்தத் தேதிகளைப் பலகையில் எழுதிவிட்டு அந்த மேசைக் காட்சியை இரண்டாவது தடவை படித்தோம். என் வகுப்பில் பாதிப் பேர் இந்தியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். "அவன் பயப்படுவது நம்மைப் பார்த்தா?" என்று ஒரு தமிழ்ப் பையன் கேட்டான். அதற்குப் பிறகு பணக்காரர்கள் கதை என்று யாரும் சொல்லவில்லை.

கேட்ஸ்பியும் அப்படித்தான் உள்ளே வருகிறான். வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயி மகன் ஜேம்ஸ் காட்ஸ், 17 வயதில் தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்கிறான். முதல் நாள் வருகைப்பதிவில் முழுப்பெயரை நான் சரியாக உச்சரித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டெழுத்தில் சுருக்கிக் கூப்பிடச் சொல்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் இருக்கின்றன, அங்கெல்லாம் நின்றாக வேண்டும். கேட்ஸ்பியின் கூட்டாளி, யூதரான உல்ஃப்ஷைமைக் கேலிச் சித்திரமாக வரைந்திருப்பது கண்கூடு. குயீன்ஸ்பரோ பாலத்தில் வெள்ளைக்காரன் ஓட்டும் காரில் வரும் மூன்று கறுப்பினத்தவரைப் பார்த்து நிக் சிரிக்கிறான், அதைத் தாண்டினால் கறுப்பின மக்கள் நாவலில் ஏறக்குறைய இல்லை. அதே வருடங்களில், அந்தப் பாலத்திலிருந்து சில மைல் தள்ளி ஹார்லெமில், கறுப்பின எழுத்தாளர்களின் ஒரு பெரிய இலக்கிய எழுச்சியே நடந்துகொண்டிருந்தது. அதனால் நான்கு பீரியட் அந்த எழுச்சியின் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் கவிதைகளுக்கு, அவருடைய முதல் தொகுப்பு வந்தது 1926ல். இதை ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ஸ்பியில் நேரம் மிஞ்சுவதால்தான் இதைச் செய்ய முடிகிறது. வாசிப்புக்கு எட்டு, ஹியூஸுக்கு நான்கு, திண்ட் வழக்கு உட்பட வரலாற்றுக்கு மூன்று, 1, 5, 9 அத்தியாயங்களை மறுபடி படிக்க நான்கு, எழுதுவதற்கு ஆறு. சரியாக 25. இன்னொன்று, 2021ல் இதன் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அத்தியாயங்களை அச்சடித்துக் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். பள்ளியின் புத்தகத்தில் எழுதக் கூடாதே என்ற பயம் இல்லாமல் படிப்பது வேறு மாதிரியான படிப்பு.

கடைசி அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் அப்பா சவ அடக்கத்துக்கு வருகிறார். மகன் சிறுவனாக இருந்தபோது ஒரு பழைய கதைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்த கால அட்டவணையைப் பெருமையாகக் காட்டுகிறார். 1906 செப்டம்பர் 12 என்று தேதி. காலை 6 மணிக்கு எழுந்திருக்க வேண்டும், உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி. கீழே தீர்மானங்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பது, வாரம் ஒரு நல்ல புத்தகம், பெற்றோரிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்வது. வாரம் 5 டாலர் சேமிப்பது என்று எழுதி, 5ஐ அடித்துவிட்டு 3 என்று போட்டிருக்கும்.

இத்தனை வருடமாக நடத்தியும் அந்த அடித்தலை நான் பெரிதாகப் பார்த்ததில்லை. போன தடவை ஒரு பெண், வார இறுதியில் அம்மாவோடு சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள், "அந்த 5ஐ ஏன் அடித்தான்?" என்று கேட்டாள். வகுப்பில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சம்பளம் குறைந்திருக்கும், வீட்டுக்குக் கொடுத்திருப்பான், முதலில் பெருமைக்காக எழுதியிருப்பான். மணி அடிக்கிற வரைக்கும் அந்த ஒரு எண்ணைத்தான் பேசினோம். பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் தனக்கென்று எழுதிவைத்திருந்த அட்டவணைத் தாளை எடுத்து என் மேசையில் வைத்தாள். அதிலும் மூன்று இடத்தில் அடித்து மாற்றி எழுதியிருந்தது. அனுமதி கேட்டு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், புத்தகத் தேர்வுக் கூட்டத்துக்கு அதையும் கொண்டுபோகப் போகிறேன்.